கரிநாரும் கல்நாரும்

தமிழாசிரியர் கையில் சிவப்பு மை இருக்கும்வரை மாணவர் எழுத்துக்கு அமைதி இல்லை. ஒற்று மிகுமிடம், மிகாவிடம், ஒருமை பன்மை மயக்கம், பிறமொழிக் கலப்பு என்று தேடித் தேடிக் கோடிழுத்தே முப்பதாண்டுகளைக் கழித்துவிட்டோம். அக்கோடுகளுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். அது தவறான கோடு.

2016ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு மாலைப்பொழுது. வேதியியல் மூன்றாமாண்டு பயின்ற மாணவர் ஒருவர் துறைக்கு வந்து, பன்னிரண்டு பக்கக் கையெழுத்துப் படியொன்றை நம் மேசைமீது வைத்தார். கல்லூரிகளுக்கிடையே நடக்கவிருந்த அறிவியல் தமிழ்க் கட்டுரைப் போட்டிக்காக எழுதியது. 'கரிமச் சூரிய மின்கலங்களில் கார்பன் நானோ குழாய்கள்' என்பது தலைப்பு. "ஐயா, பொருளில் பிழை இருந்தால் எங்கள் துறையில் திருத்திக்கொள்வேன். தமிழை மட்டும் பார்த்துத் தாருங்கள்" என்றார். தமிழை மட்டும் பார்ப்பது எப்படி என்று அன்று நமக்குத் தெரிந்திருந்ததாகவே எண்ணினோம்.

முதல் இடறல் 'கரிம' என்னும் சொல்லிலேயே நேர்ந்தது. மக்களுக்கு விளங்கட்டும் என்று அதை அடித்துவிட்டு 'இயற்கைச் சூரிய மின்கலம்' என்று மேலெழுதினோம். அங்காடிகளில் 'ஆர்கானிக்' என்று எழுதிய கத்தரிக்காயை 'இயற்கைக் காய்' என்றுதானே விற்கிறார்கள்? மாணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உரமிடாமல் விளைந்த மின்கலம் என்று நினைத்துக்கொள்வார்கள் ஐயா" என்றார். கரி அணுவை முதுகெலும்பாகக் கொண்ட சேர்மங்களுக்கே வேதியியலில் கரிமப் பொருள்கள் என்று பெயர். அவை ஆலையிற் பிறந்தாலும் கரிமமே, வயலில் விளைந்தாலும் கரிமமே. ஒரே ஆங்கிலச் சொல் உழவர் வாயில் ஒரு பொருளும் வேதியியலார் வாயில் வேறொரு பொருளும் தருவதை நாம் அறியாமற் போனோம். தலைப்பு பழையபடியே நின்றது.

அவர் எழுதியிருந்ததை நாம் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறோம். கூரைகளில் நாம் காணும் நீலப் பலகைகள் சிலிக்கனால் ஆனவை. சிலிக்கன் தகட்டில் ஒளி விழுந்தால் எலெக்ட்ரான் எளிதில் விடுபட்டு ஓடும். அந்தத் தகடு கனமானது, நொறுங்கக்கூடியது, மிகுந்த வெப்பத்தில் உருக்கிச் செய்யப்படுவது. கரிமப் பல்லுறுப்பிகளை மையைப்போலக் கரைத்து நெகிழித் தாளில் பூசலாம், அச்சிடலாம். தேவையான படலத்தின் தடிமனும் நூறு, இருநூறு நானோமீட்டர்தான். நம் தலைமுடி ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்பதை நினைத்தால் இது எத்துணை மெல்லியது என்பது விளங்கும்.

இவ்வளவு எளியது ஏன் உலகை ஆளவில்லை? கரிமப் பொருளில் ஒளி விழும்போது எலெக்ட்ரான் தனித்து விடுபடுவதில்லை. அது விட்டுச்சென்ற வெற்றிடத்தோடு, அதாவது 'துளை'யோடு, பிணைந்தபடியே இணையாகத் திரிகிறது. இந்த இணைக்கு எக்சிட்டான் என்று பெயர். அது சுமார் 10 நானோமீட்டர் தொலைவுதான் செல்லும். அதற்குள் எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும் வேறொரு பொருளைச் சந்திக்காவிட்டால் இரண்டும் மீண்டும் ஒன்றாகி, வாங்கிய ஆற்றலை வீணாக்கிவிடும். 1986இல் கோடாக் ஆய்வகத்தில் பணியாற்றிய சிங் டாங் என்பார் இரண்டு கரிமப் பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து ஏறத்தாழ 1 விழுக்காடு திறன் கண்டார். 1992இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் நியாசி செர்தார் சரிசிஃப்சி, ஆலன் ஹீகர் முதலியோர், மின்கடத்தும் பல்லுறுப்பியிலிருந்து அறுபது கரி அணுக்களாலான பந்து வடிவ மூலக்கூறுக்கு எலெக்ட்ரான் மிகு விரைவாகத் தாவுவதைக் காட்டினர். (சரிசிஃப்சி, மௌலானா ரூமி அடங்கியிருக்கும் கோன்யா நகரத்துக்காரர், பின்னர் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் பேராசிரியரானவர்.) 1995இல் இரண்டையும் அடுக்காக வைக்காமல் கலந்தே பூசும் முறை வந்தது. இதற்கு மாணவர் எழுதியிருந்த உவமை: சோற்றின்மேல் குழம்பை ஊற்றி வைத்தது 1986இன் கலம், பிசைந்து வைத்தது 1995இன் கலம். இவ்வுவமை போட்டிக் கட்டுரையின் தகுதிக்குக் குறைவு என்று முதலில் கோடிழுத்தோம். அதைவிடத் தெளிவாகச் சொல்ல நமக்கு வாராமையால் கோட்டை நாமே அழித்தோம்.

பிசைந்தபின் மற்றொரு தொல்லை. பிரிந்த எலெக்ட்ரானும் துளையும் தத்தம் மின்முனையைச் சென்றடைய வேண்டும். பிசைந்த கலவையிலோ நேர்வழி இல்லை; தீவுகளும் முட்டுச்சந்துகளும்தாம். இந்த இடத்தில்தான் நானோ குழாய் வருகிறது.

1991இல் ஜப்பானின் சுகுபா நகரில் சுமியோ இஜிமா என்னும் அறிஞர் மின்னணு நுண்ணோக்கியில் கண்டு உலகறியச் செய்தது இது. 1952லேயே சோவியத்து நாட்டில் இருவர் இதையொத்த குழல்களின் படங்களை வெளியிட்டிருந்தனர். அது ருசிய மொழியில் வெளிவந்தமையால் வெளியுலகம் பெரிதும் அறியவில்லை. தாய்மொழியில் அறிவியல் எழுதுக என்று மேடைதோறும் முழங்கும் நாம் இவ்வரியைப் படித்துச் சற்று அமைதியானோம்.

பென்சிலில் உள்ள கரியின் ஒற்றைப் படலத்தைக் கோரைப்பாய் போலச் சுருட்டியதாக நினைத்துக்கொண்டால் அதுவே நானோ குழாய். விட்டம் 1 நானோமீட்டர் அளவு. நீளம் அதைப்போல் ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும். பாயை எந்தக் கோணத்தில், எவ்வளவு சுற்றளவில் சுருட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தும், அல்லது குறைகடத்தியாக இருக்கும். ஒரே கரி, ஒரே பாய், சுருட்டிய விதத்தால் இருவேறு இயல்பு! இலக்கணத்தில் ஒரே சொல் புணரும் இடத்தால் வேறு உருவம் பெறுவதைக் கற்பித்தவர்களுக்கு இதில் ஓர் உறவு தெரிந்தது. ஆனால் அதைக் கட்டுரையிற் சேர்க்கச் சொல்லவில்லை.

2002இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் இம்மானுவேல் கிமாகிசு என்பாரும் இலங்கையரான பேராசிரியர் கெஹான் அமரதுங்கவும் இக்குழாய்களை 1 விழுக்காட்டிற்கும் குறைவாக ஒரு பல்லுறுப்பியிற் கலந்து மின்கலம் செய்தனர். வெறும் பல்லுறுப்பிக் கலத்தைவிட மின்னோட்டம் நூறு மடங்கு அளவுக்கு உயர்ந்தது, மின்னழுத்தம் 0.7 முதல் 0.9 வோல்ட்டு வரை கிடைத்தது. குழாய்கள் எலெக்ட்ரானைப் பறிக்கும் கையாகவும், ஏந்திச் செல்லும் வழியாகவும் ஒருங்கே பயன்பட்டன என்பது அவர்கள் விளக்கம்.

'நூறு மடங்கு' என்ற சொல்லைக் கண்டதும் நமக்கு உள்ளம் பொங்கிற்று. அப்பத்தியின் இறுதியில், "வீடுதோறும் இம்மின்கலம் ஒளிரும் நாள் தொலைவில் இல்லை" என்று நம் கையாலேயே எழுதிச் சேர்த்தோம். மறுநாள் மாணவர் அவ்வரியை எடுத்துவிட்டு வந்தார். நூறு மடங்கு உயர்ந்தும் அக்கலத்தின் திறன் 1 விழுக்காட்டை எட்டவில்லை. தொடக்கம் அத்துணைச் சிறியது. இதை மறைத்து நூறு மடங்கை மட்டும் சொல்வது பொய்யாகாதா என்று பணிவோடு கேட்டார். ஆகும் என்றோம்.

இன்னொன்றையும் எடுத்துவிட்டு வந்தார். கட்டுரையின் தொடக்கத்துக்கு நாம் ஒரு பத்தி எழுதிக் கொடுத்திருந்தோம். 2006இல் செருமனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள், பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த டமாஸ்கஸ் வாளொன்றில் கரி நானோ குழாய்களைக் கண்டதாக அறிவித்தனர். அவ்வகை வாள்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து சென்ற உருக்கு மூலப்பொருளாயிற்று. நொய்யற்கரைக் கொடுமணலில் இரும்புத் தொழில் சிறந்திருந்தமையை அகழாய்வு காட்டியிருக்கிறது. இம்மூன்றையும் முடிச்சிட்டு, "நானோ குழாயை உலகுக்கு முதலில் ஈந்தவன் தமிழனே" என்று முழங்கியிருந்தோம். மாணவரோ, வாளில் குழாய் இருந்ததாக அறிவித்தது உண்மை, உருக்கு நம் பக்கத்தது என்பதும் உண்மை, ஆயின் உருக்கியவர் குழாயைக் கண்டதுமில்லை, கருதியதுமில்லை என்று சொல்லி, அப்பத்தியை நான்கு வரியாகச் சுருக்கிவிட்டார். அக்கைவினைஞர் உலையின் நிறம் பார்த்தே எஃகின் தரம் கண்டவர். அவருக்கு அந்தப் பெருமையே போதும். அன்று நமக்குக் கசப்பாகத்தான் இருந்தது.

நானோ குழாய்க்கு நாம் ஒரு தமிழ்ச்சொல் ஆக்கித் தந்ததையும் சொல்ல வேண்டும். 'கார்பன் நானோ குழாய்' என்பதில் மூன்றில் இரு பங்கு வேற்றுமொழி. நார்போல் நீண்டு மெலிந்தது, கரியால் ஆனது, எனவே 'கரிநார்' என்றோம். நான்கே எழுத்து. நம் ஆக்கத்தை நாமே வியந்து இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தோம். மாணவர் அதை ஏற்கவில்லை. நார் உள்ளீடு உடையது, இது உள்ளீடு அற்றது. கரியிழை என்று வேறொரு பொருளும் உண்டு, மயக்கம் வரும் என்றார். சொல்லிவிட்டு, ஏதோ நினைத்தவர்போல, "அதோடு, கல்நார் நினைவு வருகிறது ஐயா" என்றார். ஆஸ்பெஸ்டாஸுக்குக் கல்நார் என்று நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதே, அதன் வழியில்தானே இதையும் ஆக்கினோம் என்று நாம் மகிழ்வோடு சொன்னோம். அவர் மறுமொழி கூறவில்லை.

கட்டுரையின் நடுப்பகுதி இக்குழாய்களின் இடர்களைப் பேசிற்று. இயல்பாகச் செய்யும்போது மூன்றில் ஒரு பங்கு குழாய்கள் உலோக இயல்பினவாகவே பிறக்கின்றன. மின்கலத்துக்குள் இவை பகையாளி. பிரிந்த எலெக்ட்ரானும் துளையும் இவற்றின்மேல் ஏறி மீண்டும் கூடிவிடுகின்றன. நீண்ட குழாய் இரு மின்முனைகளையும் தொட்டுவிட்டால் குறுக்குச்சுற்றும் நேரும். அரிசியிலிருந்து கல் பொறுக்குவதுபோல் இவற்றைப் பிரிக்க வேண்டும். ஆனால் கல்லும் அரிசியும் ஒரே நிறம், ஒரே பருமன். 2006இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மார்க் ஹெர்சம் குழுவினர், சோப்பு போன்ற பொருளை இக்குழாய்களின்மேல் ஒட்டச் செய்து, அடர்த்திவாரியாக அமைத்த நீர்மத்தில் கடுவேகமாகச் சுழற்றி இரு வகையையும் பிரித்தெடுத்தனர். 2010இல் அந்நாட்டின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தார், உலோகக் குழாய்கள் நீங்கிய கலவையில் பிரிந்த மின்னூட்டங்கள் கூடுதல் நேரம் பிரிந்தே நிற்பதைக் காட்டினர். 2014இல் ஹெர்சம் குழுவினர் குறைகடத்திக் குழாய்களையே ஒளி உறிஞ்சும் பொருளாக வைத்து 3 விழுக்காட்டைச் சற்றே கடந்தனர். அதே ஆண்டு சுவீடனின் உமேயோ பல்கலைக்கழகத்தில் டேவிட் பார்பெரோ குழுவினர், குழாய்களைத் தாறுமாறாகத் தூவாமல் திட்டமிட்ட வலைப்பின்னலாக அமைத்தால் மிகக் குறைந்த அளவே போதும் என்று காட்டினர்.

இன்னொரு பயனும் உண்டு. சூரிய மின்கலத்தின் முகப்பு மின்முனை ஒளியை உள்ளே விட வேண்டும். மின்சாரத்தையும் கடத்த வேண்டும். அதற்கு இண்டியம் கலந்த ஆக்சைடு பயன்படுகிறது. இண்டியம் அரிய உலோகம். அந்த ஆக்சைடும் வளைத்தால் விரிசல் விடும். 2006இல் அதற்கு மாற்றாக நானோ குழாய் வலையை நெகிழித் தாளில் பரப்பிச் செய்த வளையும் கலம் 2.5 விழுக்காடு தந்தது. ஒப்பீட்டுக்குக் கண்ணாடியில் செய்த பழைய முறைக் கலம் 3 விழுக்காடு. இவ்வாய்வாளருள்ளும் சரிசிஃப்சி பெயர் உண்டு.

இத்தலைப்பை ஏன் தேர்ந்தீர் என்று நாம் இடையில் கேட்டோம். தம் வீட்டுக் கூரையும் தெருவிற் பல வீட்டுக் கூரைகளும் மெல்லிய தகடு என்றும், அவை சிலிக்கன் பலகையின் பாரத்தைத் தாங்கா என்றும், தாள்போல் ஒட்டக்கூடிய மின்கலம் ஒன்று வந்தால் அத்தகைய வீடுகளுக்கும் மின்சாரம் கிடைக்கும் என்றும் சொன்னார். நூலகத்திற் கிடைத்த செய்தியைத் தொகுத்திருப்பார் என்று எண்ணியிருந்த நமக்கு இது புதிது.

கடைசிப் பக்கத்தில்தான் நாம் அக்கோட்டை இழுத்தோம். அங்கே அவர் எழுதியிருந்தது இது: 2008இல் எடின்பரோ நகரத்து கென் டொனால்ட்சன் முதலிய ஆய்வாளர்கள், பல சுவர்கள் கொண்ட நீண்ட நானோ குழாய்களை எலிகளின் வயிற்றறையுள் செலுத்தியபோது, நீண்ட கல்நார் இழைகள் விளைக்கும் அதே வகை அழற்சியும் புண்ணும் தோன்றின, குட்டையான, சிக்குண்ட குழாய்கள் அவ்வாறு செய்யவில்லை. 2014இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, அவற்றுள் ஒரு வகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. ஏனையவற்றைப் பற்றித் தீர்ப்புக் கூறச் சான்று போதாது என்றது. படலத்துக்குள் பதிந்து கிடக்கும்வரை குழாய் பெரிதாகத் தீங்கு செய்யாது. பொடியாகக் கையாள்பவர், அறுப்பவர், பழையதை உடைப்பவர் ஆகியோரின் மூச்சிலேயே அது ஏறும். ஆதலால் மின்கலத்தை ஆக்கும் முன்பே அதை அறுப்பவரை நினைக்க வேண்டும்.

பத்தி முழுவதையும் அடித்தோம். அருகில், 'மங்கலமாக முடிக்க' என்று எழுதினோம். நூலை மங்கலச் சொல்லால் முடித்தல் தமிழ் மரபு. போட்டிக் கட்டுரை நோயிலும் புண்ணிலுமா முடிவது?

மாணவர் தாளை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ஐயா, மற்ற எதை வேண்டுமானாலும் எடுத்துவிடுகிறேன். இதை எடுக்கமாட்டேன்" என்றார். ஆசிரியர் சொல்லை மறுத்துப் பேசும் பிள்ளை அல்லர் அவர். காரணம் கேட்டோம்.

"எங்கள் அத்தா தகடு அறுக்கிறவர் ஐயா."

கட்டுமானப் பொருள் விற்கும் கடையொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் தந்தை கூரைத் தகடு அறுத்திருக்கிறார். வாங்குவோர் கேட்கும் அளவுக்கு இரம்பத்தால் அறுத்துக் கொடுக்க வேண்டும். தூசி எழும், துண்டால் வாயைக் கட்டிக்கொள்வார், மாலையில் அத்துண்டை உதறித் தாய் துவைப்பார். நாற்பத்தைந்து வயதிலேயே படியேற மூச்சு வாங்கிற்று. காசநோய் என்று இருமுறை மருந்து கொடுத்தார்கள். பின்னர் ஒரு மருத்துவர், நுரையீரல் கல்நார்த் தூசியால் இறுகிவிட்டது, இனி இளகாது என்று கூறினார். இவற்றையெல்லாம் மாணவர் ஒரு பட்டியலை ஒப்பிப்பவர்போல் சொன்னார். எந்தக் கல்நாரை நம் சொல்லாக்கத்துக்கு முன்மாதிரியாக மேசையில் தட்டிக் காட்டினோமோ, அந்தக் கல்நார்!

"கல்நாரும் வந்த காலத்தில் தீப்பிடிக்காத அதிசயப் பொருள் என்றுதான் சொன்னார்களாம் ஐயா. அறுக்கிறவனைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் எழுதாவிட்டால் நானும் அவர்களில் ஒருவன்தானே?"

அந்தப் பத்தி கட்டுரையில் நின்றது. தமிழில் ஓர் எழுத்துப் பிழைகூட அதில் இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தோம்.

போட்டி நாளன்று அவருடைய தந்தையும் வந்திருந்தார். கூடத்தின் கடைசி வரிசையில், வாசலையொட்டி அமர்ந்திருந்தார். இருமல் வந்தால் வெளியே எழுந்து போக வசதியாக இருக்கும் என்பதற்காக. இருமுறை போய் வந்தார். மாணவருக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. நடுவருள் ஒருவர், கட்டுரை நன்று, முடிவுதான் சற்றே சோர்வு தருகிறது என்று கருத்துரைத்தார். நாம் எழுந்து ஏதும் சொல்லவில்லை; சொல்லியிருக்கலாம்.

அதன்பின் உலகம் நானோ குழாய்க்காகக் காத்திருக்கவில்லை. 2019இல் சீனத்தில் உருவான ஒய்6 என்னும் மூலக்கூறு கரிம மின்கலத்தின் திறனை 15 விழுக்காட்டிற்கு மேல் கொண்டுசென்றது. இன்று ஆய்வகக் கலங்கள் 19 விழுக்காட்டையும் கடந்துவிட்டன. அவற்றுள் எலெக்ட்ரானைப் பறிக்கும் வேலையை நானோ குழாய் செய்யவில்லை. வளையும் மின்முனை போன்ற துணைப்பணிகளில்தான் அதன் முயற்சி தொடர்கிறது. "வீடுதோறும் ஒளிரும் நாள் தொலைவில் இல்லை" என்ற நம் வரி அச்சேறாமற் போனது நமக்கு நேர்ந்த நன்மை. வெண்கல்நாரை இறக்குமதி செய்து கூரைத்தகடு ஆக்குவது மட்டும் நம் நாட்டில் இன்னும் நிற்கவில்லை.

விழா முடிந்து வாசலில் நின்றபோது மாணவரின் தந்தை நம்மிடம் வந்தார். மகனின் கட்டுரையை உங்களால்தான் எழுத முடிந்தது என்று நன்றி சொன்னார். நாம் தலைகுனிந்து நின்றோம். சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் கேட்டார்:

"ஐயா, கல்நார், கல்நார்னு தம்பி படிச்சானே, அது நம்ம சீட்டுதானா?"

"ஆம் பாய். கல்லிலிருந்து எடுக்கும் நார். அதனால் அந்தப் பெயர்."

அவர் தம் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"நாங்க சிமிட்டி சீட்டுன்னுதான் சொல்வோம். உள்ளே நார் இருக்குன்னு யாரும் சொன்னதில்லையே ஐயா."